மறுமைக்கு எழுபது மார்க்

மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் உறுதிமானியையும் கையோடு கொண்டுவரும் காலம் அது. நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு வாக்கியத்தைச் சொன்னால் போதும். அதை மனம் தயங்காமல் ஏற்கிறதா என்று நரம்புகளைப் படித்து, நூற்றுக்கு இவ்வளவு என்று திரையில் காட்டிவிடும். நாக்கு என்ன சொன்னாலும் அதற்குக் கவலையில்லை.

செய்யதுபட்டண ஜமாஅத் தலைவர் கலந்தர் மரைக்காயருக்கு அதைப் பள்ளிவாசலுக்கும் கொண்டுவரத் தோன்றியது. காரணம் இமாம் அபுல்பரக்கத் ஆலிம். மண்ணாகிப்போன உடல் எப்படி எழும் என்று அறிவியல் மாணவர்கள் கேட்டால், 'அதெல்லாம் கேட்கக்கூடாது' என்று அவர் அதட்டமாட்டார். இறந்தவை உயிர்பெறுவதைப் பார்க்க வேண்டுமென்று இப்ராஹீம் நபியே கேட்டார்களே என்பார். இது மரைக்காயருக்குப் பிடிக்கவில்லை. மறுமை நம்பிக்கையில் எழுபதுக்குக் குறைந்தவர் தொழுகை நடத்தக்கூடாது என்று தீர்மானம் போட்டார்.

'மரணத்துக்குப் பின் வாழ்வு உண்டு' என்று சொன்ன இமாமுக்கு ஐம்பத்தெட்டு வந்தது. தலைவருக்குத் தொண்ணூற்றாறு. மற்ற நிர்வாகிகளும் தொண்ணூறைத் தாண்டினார்கள்.

இமாமின் முகம் செத்துவிட்டது. வேலை போனால் பள்ளிவாசல் வீட்டைக் காலி செய்ய வேண்டும், இரண்டு பெண்களும் படிக்கிறார்கள். அதைவிட அந்த எண்தான் அவரைக் குத்தியது. இத்தனை வருஷமாக நான் யாரை ஏமாற்றினேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

ஒரு குடும்பத்தை வெளியே அனுப்பும்முன் கருவி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றார் செயலாளர். கருவியை இயக்கும் ஜுலைகாவும் ஒப்புக்கொண்டாள். யாருக்கும் சந்தேகமே இல்லாத வாக்கியம் ஒன்று வேண்டும், அதற்கு முழு மார்க் வந்தால் கருவி சரி என்றாள்.

மரைக்காயர் யோசிக்கவே இல்லை. "இதுக்கு என்னம்மா யோசனை? நான் ஒருநாள் மவ்த்தாவேன், செத்துப்போவேன். அதுல யாருக்குச் சந்தேகம்?" என்று பட்டையைக் கட்டிக்கொண்டார்.

ஒன்பது.

கருவி கெட்டுவிட்டது என்று எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் சொல்லிப் பார்த்தார், பதினொன்று. பொருளாளருக்கு ஏழு. 'இன்று வெள்ளிக்கிழமை' என்று ஜுலைகா சொல்லவைத்தபோது மூவருக்கும் தொண்ணூற்றொன்பது வந்தது. கருவி சரியாகத்தான் இருந்தது. நிர்வாகிகளுக்கு மறுமை நிச்சயம். புறப்படும் உத்தேசம்தான் இல்லை.

கடைசியில் இமாம் பட்டையைக் கட்டிக்கொண்டு, தான் இறக்கப்போவதைச் சொன்னார். தொண்ணூற்று மூன்று.

"எப்படி ஹஜ்ரத்?" என்றார் மரைக்காயர். குரல் இறங்கியிருந்தது.

"இந்த ஊர்ல எத்தனையோ ஜனாஸாவைக் குளிப்பாட்டிட்டேன், காக்கா. ஒவ்வொரு தடவையும் அடுத்தது நானுன்னு தோணும். போகப்போறவனுக்குத்தானே போற எடத்தப் பத்திக் கவலை வரும்? அறிவு கேள்வி கேக்குது, மனசு நடுங்குது. ரெண்டையும் கூட்டிக்கிட்டுத்தான் தொழ நிக்கிறேன்."

தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. மரைக்காயருக்கு மட்டும் அந்த ஒன்பது தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. தோற்றுப்போவது அவருக்குப் பழக்கமில்லை. வம்படியாகச் சாவு விழுந்த மையத்து வீடுகளுக்குப் போனார். குளிப்பாட்டத் தண்ணீர் ஊற்றினார். தன் வயதே ஆன கூட்டாளி ஒருவரின் கபுர்க்குழிக்குள் இறங்கி, உடலைக் கையில் ஏந்தி வைத்தார். அந்தக் குளிர்ச்சி வீடுவரை கூடவே வந்தது.

நோன்பு முடிந்த மாதம் அவர் தனியாக வந்து ஜுலைகாவிடம் மறுபடி அளக்கச் சொன்னார். மரணத்துக்கு எண்பத்து நான்கு. சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். "அப்ப மறுமையையும் பாத்துடும்மா" என்றார்.

அறுபத்தொன்று.

ஜுலைகா தலை நிமிரவில்லை. எழுபது என்று கோடு போட்டவரே அவர்தான். மரைக்காயர் பட்டையைக் கழற்றி வைத்தார். பயந்துவிட்டார், அதுதான் உண்மை.

மாலை அஸர் தொழுகைக்கு நேராக இமாமிடம் போனார். "ஹஜ்ரத், இருந்த ஈமானும் போயிடுச்சு போல. எனக்கு அறுபத்தொண்ணு."

இமாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னைவிட மூணு கூட, காக்கா. பக்கத்துல வந்து நில்லுங்க."

மரைக்காயர் ஐம்பது வருஷமாகத் தொழுகிறவர். துஆ அவருக்கு மனப்பாடம். அன்று கையேந்தியபோதுதான், கேட்பதற்கு அவரிடம் ஏதோ இருந்தது.