கவிழ்த்து வைக்க வேண்டிய பெட்டி

நேற்று சாயங்காலம் விளிம்பு வரை நிரப்பிய உரப்பெட்டி காலையில் காலியாக இருந்தது. வாழைப்பழத் தோல், முருங்கைக்காய்ச் சக்கை, சருகு, சாணம் எதுவுமே இல்லை. அடியில் மண் மட்டும் யாரோ உள்ளங்கையால் தட்டிச் சமன் செய்த மாதிரி கிடந்தது.

"எலி வேலையா இருக்கும்," என்றான் ராபின்.

சாணம் தின்னும் எலியும் ஆவூரில் உண்டு என்று பாத்திமாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். பாதி வாழ்க்கையைக் குவைத்தில் கழித்துவிட்டு ஊரோடு வந்துவிட்ட அவள் புருஷனுக்குத் தோட்டக் கிறுக்குப் பிடித்திருந்தது. பழைய மரக்கடையில் கறுத்த பலகைகளை வாங்கி, மண்புழு ஏறி வரட்டும் என்று அடிப்பலகை வைக்காமல், மூடி மட்டும் போட்டு அந்தப் பெட்டியைச் செய்திருந்தான். இனி அவன் தன்னை விட்டுப் போகாமல் இருந்தால் போதும், கொல்லை முழுக்கக் குப்பையானாலும் அவளுக்குச் சம்மதம்.

திரும்பவும் நிரப்பினார்கள். திரும்பவும் காலி. மழை மூட்டம் போட்டிருந்த அந்த மத்தியானம் முழுக்க, அழுகல் நாற்றம் வரவேண்டிய கொல்லையிலிருந்து சாம்பிராணியும் உருகிய மெழுகும் வாடிய சம்பங்கியும் கலந்த வாசனை வந்து, ஜன்னலைச் சாத்தினாலும் சேலைத் தலைப்பில் ஒட்டிக்கொண்டு, அவள் போகும் அறைக்கெல்லாம் கூடவே வந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது.

கொல்லை வழியாகப் பால் கொண்டுவந்த பிச்சையம்மாள்தான் பலகையில் உறைந்திருந்த மெழுகைச் சுரண்டிப் பார்த்தாள்.

"ஏ பாத்திமா, இது நம்ம மாதா கோயில் பழைய பெட்டிப் பலகையில்ல?"

ஊருக்கெல்லாம் பொதுவான சவப்பெட்டி. இறந்தவரை அதில் கல்லறைக்குத் தூக்கிப்போய், பாயோடு குழியில் இறக்கிவிட்டு, வெறும் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து கவிழ்த்து வைப்பார்கள்.

"நிமுத்தி வச்சிருக்கீங்களேடி! நிமுத்தி வச்சா ஆள் கேக்கும். மொதல்ல ஒம் புருசனைக் கவுத்துப் போடச் சொல்லு."

பாத்திமா போய்ச் சொன்னதும் ராபின் விழுந்து விழுந்து சிரித்தான். "சரி, கவுத்துட்டு வாரேன். நீ டீயப் போடு."

டீ கொதித்தது. கொல்லையில் மூடி விழும் சத்தம் கேட்டது. பிறகு பலகைகள் முனகின, பாரத்தோடு தோளில் ஆடிப் போவது போல, மெல்ல, ஒரே சீராக. பிறகு அதுவும் நின்றுபோனது.

"என்னங்க?"

அடுப்பை அணைத்தாள்.

ஓடினாள். பெட்டி கவிழவில்லை. பக்கத்தில் அவன் செருப்பு. மூடி சாத்தியிருந்தது. திறந்தாள்.

காலி. தட்டிச் சமன் செய்த மண்.

செல்லில் அவனைக் கூப்பிட்டாள். மணி அடித்தது. அந்த மண்ணுக்கு அடியில்.

மணி நின்றது. மறுமுனையில் எடுத்தாயிற்று.

"என்னங்க... பேசுங்க..."

காதில் வைத்த செல்லுக்குள் ஒரு பிடி மண் விழும் சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொரு பிடி. பிறகு இன்னொன்று. அவசரமே இல்லாமல், அடக்கத்துக்கு வந்தவர்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் போடுவது போல.