பிளானில் இல்லாத துவாரம்

புத்தூரில் எத்திராஜின் ஆபீசுக்குள் தேன்மொழி செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள். கையில் லேப்டாப். கண்கள் இரண்டும் வீங்கியிருந்தன.

"சார், ஒரு ஆளு செத்துட்டாரு. என் பிளானாலதான் செத்தாருன்னு சொல்லிக்கினு கீறாங்க. கேஸ்ல எம் பேரு ஏறிட்டா எங்க நைனா தறியாண்டையே உழுந்துடுவாரு."

எத்திராஜ் கட்டட விபத்துகளை ஆராய்ந்து காரணம் சொல்பவர். அவசரம் என்பதே அறியாத மனிதர். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் வக்கீல் ஸ்ரீதேவி கூடவே இருந்தாள். எதிராளி வாயைத் திறப்பதற்குள் தீர்ப்பே சொல்லிவிடுவாள்.

விஷயம் இதுதான். நகரியைச் சேர்ந்த தேன்மொழி, சித்தூரில் இன்ஜினியர் விஜயராகவனிடம் கம்ப்யூட்டரில் பிளான் போடும் வேலை செய்கிறாள். திருப்பதியில் நாகபூஷணம் கட்டிவரும் லாட்ஜின் பிளான் அவள் போட்டது. அந்த லாட்ஜின் தரைத்தளத்தில், நட்டநடுவே, குழாய்கள் இறங்க ஆள் நுழையும் அளவில் ஒரு துவாரம். எலெக்ட்ரீஷியன் தாமோதரன் டிரில்லிங் மெஷினோடு நடந்து போனவர், அதன் வழியாகக் கீழே செல்லாரில், அதாவது நிலவறையில், நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள்மேல் விழுந்துவிட்டார். துவாரத்தை மெல்லிய பலகை மூடியிருந்தது. மேலே சிமெண்ட் பால் பூசியிருந்ததால் தரையோடு தரையாகத் தெரிந்திருக்கிறது. சைட்டில் ஒட்டியிருந்த பிளானிலோ துவாரமே இல்லை.

"விஜயராகவன் என்ன சொல்றார்?" என்று எத்திராஜ் கேட்டார்.

"சென்ட்ரிங் ஆளுங்க வேற டிராயிங்கைப் பார்த்து ஓட்டை உட்டுட்டாங்களாம். அவர் போறப்போ மூடியே கெடந்துச்சாம். பிளான்ல நான் காட்டலியாம், அதனால அவருக்கு ஒண்ணுமே தெரியாதாம்."

"அடேங்கப்பா! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறார்!" என்றாள் ஸ்ரீதேவி.

எத்திராஜ் லேப்டாப்பைத் திறக்கச் சொன்னார். "பிளான்னா என்னம்மா? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"கட்டடத்தை நெஞ்சு உயரத்துல அறுத்துட்டு மேலருந்து பார்க்கறது, சார். எந்த உயரத்துல அறுக்கணும், எவ்ளோ ஆழம் வரைக்கும் தெரியணும்னு நாமதான் சொல்லணும். ஆழத்தைக் கொறைச்சா கீழ இருக்கறது தெரியாது."

"அப்படி யாராவது குறைச்சிருந்தா?"

"லிஃப்ட் குழியும் போயிருக்கும். அது இருக்குதே."

"துவாரம் எல்லாத்தையும் மொத்தமா மறைச்சிருந்தா?"

"படிக்கட்டுத் துவாரமும் மறைஞ்சிருக்கும். அதுவும் இருக்குது."

"ஆக, ஒரு ஆள் வேணும்னே நடுவுல இருக்கறதை மட்டும் தொட்டு மறைச்சிருக்கான்."

தேன்மொழி திரையில் பல்பு படத்தை அழுத்தினாள். மறைத்தவற்றைக் காட்டும் பொத்தான் அது. பிளானின் மையத்தில் சிவப்புச் சதுரம் ஒன்று எழுந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "கடவுளே! நான் பண்ணல சார். இந்த ஃபைலை ஆபீஸ்ல எல்லாருந்தான் தெறப்பாங்க."

"நடுவை மட்டும் மறைச்சு யாருக்கு என்ன லாபம்?" என்றாள் ஸ்ரீதேவி.

"அதை அங்கே போய்ப் பார்க்கலாம்" என்றார் எத்திராஜ்.

லாட்ஜின் தரைத்தளத்தில் இன்னும் சுவர் எழும்பவில்லை. தூண்களும் தலைக்கு மேல் தளமும்தான். நான்கு பக்கமும் காற்று பிய்த்துக்கொண்டு போனது. கிழக்கு ஓரத்தில், லிஃப்ட் குழியை ஒட்டி, தரை கருகியிருந்தது; பக்கத்தில் புகை படிந்த செங்கற்கள். சிமெண்ட் கிடங்குச் சுவரில் பிளான். அதன் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. எத்திராஜ் ஒரு மூலையை விரலால் நெருடினார். ஒற்றைக் காகிதத்துக்கு அது தடிமன் அதிகம்.

சர்க்கிள் இன்ஸ்பெக்டர், நாகபூஷணம், விஜயராகவன் மூவரும் வந்து சேர்ந்தார்கள். தாமோதரனின் மனைவி மல்லிகா ஒரு தூணருகே நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை, போகவும் சொல்லவில்லை.

எத்திராஜ் பிளான்மீது தண்ணீர் தெளித்து, பொறுமையாக உரித்தார். அடியில் இன்னொரு பிளான். மையத்தில் துவாரம் தெளிவாக இருந்தது.

"தேன்மொழி கொடுத்தது இது. மேலே ஒட்டினது பூஜைக்குப் போன காப்பி. கட்டடத்து நடுவுல, பிரம்மஸ்தானத்துல ஓட்டை இருந்தா வாஸ்து பார்க்கறவர் ஒத்துக்க மாட்டார். அதனால அவர் கண்ணுக்கு மட்டும் மறைச்சாங்க. மஞ்சள் வெச்ச காகிதத்தைத் தூக்கிப் போட யாருக்கு மனசு வரும்? வேலை செய்யற பிளான் மேலயே ஒட்டிட்டாங்க."

நாகபூஷணத்தின் முகம் வெளுத்தது. "ஐயோ சாமி! நாக்கு தெலியது, எனக்குத் தெரியாது! ஓட்டை கீதுன்னு எனக்கு யாருமே சொல்லல!"

"மேஸ்திரிதான் பண்ணியிருப்பான். பலகையும் அவன் வேலைதான்" என்றார் விஜயராகவன். "நான் எதையும் பார்க்கல."

"வாஸ்து பார்த்தவர் வந்தன்னைக்கு ஹோமம் நடந்துது, ஓரத்துல தரை கருகியிருக்கே. எங்க வெக்கச் சொன்னீங்க, நாகபூஷணம்?"

"நட்டநடுவுலதான் சொன்னேன். சாருதான் அங்க புகை தங்கும்னு சொல்லி, தன் கையாலயே செங்கல்லை ஓரமா அடுக்கினாரு."

எத்திராஜ் விஜயராகவனை நிமிர்ந்து பார்த்தார். "சுவரே இல்லாத தளத்துல புகை எங்க சார் தங்கும்? நடுவுல செங்கலும் நெருப்பும் வெச்சு, நாலு பேர் சுத்தி உட்கார்ந்தா பலகை தாங்காது. அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. துவாரமே தெரியாதவர் எதுக்கு ஹோமத்தை நகர்த்தணும்?"

விஜயராகவன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். ஒரு நிமிடத்தில் அவருக்குப் பத்து வயது கூடியது போலிருந்தது. "ஊர்ல எல்லாரும் பண்றதுதான்... பூஜை முடிஞ்சதும் பலகையை எடுத்துடலாம்னு இருந்தேன். மறந்துட்டேன்."

"மறந்தது ஒண்ணு. செத்த பிறகு இந்தப் பொண்ணு தலையில கட்டினது இன்னொண்ணு. அது மறதியில்ல" என்றார் எத்திராஜ். அவர் குரல் உயர்ந்ததை ஸ்ரீதேவி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள்.

இன்ஸ்பெக்டர் விஜயராகவனை ஜீப்புக்கு நடக்கச் சொன்னார். வழியில் மல்லிகா நின்றாள். அவள் அழவில்லை.

"வாஸ்து சாமியாரு உழாம இருக்க எடம் பார்த்து ஒக்கார வச்சியே, சார்" என்றாள். "எங்க வூட்டுக்காரரும் அந்தத் தரையிலதானே நடந்தாரு? அவருகிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு உனுக்கு வாய் வரலியா?"

விஜயராகவன் தலையைக் குனிந்துகொண்டு அவளைச் சுற்றிப் போனார். தன் பெயர் தப்பித்துவிட்டதென்று தேன்மொழிக்குப் புரிந்தது. ஆனாலும் ஓடிப்போய் மல்லிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கும் சேர்த்துத் தானே அழுதாள்.