இரண்டு பூஜ்யங்கள்

ட்வேன் கவிழ்ந்து கிடந்தான்.

பின்தலையில் ரத்தம். பக்கத்தில் இரண்டாம் ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது.

நோரீன் லாஹ்டி குனிந்து அவன் கழுத்தைத் தொட்டாள். நாடி இருந்தது... நூல் போல.

அவள் கப்பலின் மூன்றாம் இன்ஜினியர். அவன் எலெக்ட்ரீஷியன். மதியச் சாப்பாட்டுக்கு வராதவனைத் தேடித்தான் ஜெனரேட்டர் அறைக்கு இறங்கி வந்திருந்தாள்.

முதுகுக்குப் பின்னால் இரும்புக் கதவு மூடிக்கொண்டது.

ஓடிப்போய்க் கதவின் சக்கரத்தைத் திருகினாள். அசையவில்லை. ஸ்பேனரால் ஓங்கி அடித்தாள். இயந்திர இரைச்சலில் அந்தச் சத்தம் அவளுக்கே கேட்கவில்லை.

திரும்பியபோதுதான் மீட்டர்களைக் கவனித்தாள்.

இரண்டு ஜெனரேட்டர்களும் சுமையைப் பாதிப் பாதி இழுக்க வேண்டும். முதலாவது சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. முழுச் சுமையும் இரண்டாவதின் தலையில்!

சுமை ஏறும்போது வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, பக்கத்து இயந்திரத்துக்கும் பங்கு தரவைக்கும் திருகு ஒன்று உண்டு. இரண்டாவதின் திருகை யாரோ பூஜ்யத்தில் வைத்திருந்தார்கள்.

சுவரில் போன் அடித்தது. மேலே கன்ட்ரோல் ரூமோடு மட்டும் பேச முடிகிற போன்.

"சீஃப், கதவு மாட்டிக்கிச்சு. ட்வேனுக்கு மண்டை உடைஞ்சிருக்கு..."

"மாட்டிக்கல, நோரீன். நான்தான் கம்பி சொருகினேன்."

சீஃப் இன்ஜினியர் வெர்ன் ஸ்கோக்மன். பதற்றமே இல்லாத குரல்.



"ஆத்துக்குள்ள போனதும் கேப்டன் கப்பலைத் திருப்ப முன்பக்க மோட்டாரைப் போடுவார்," என்றாள் மெதுவாக. "ஒத்தை ஜெனரேட்டர் அதைத் தாங்காது. கரன்ட் போயிடும். ரெண்டு பக்கமும் பாறை..."

"கெட்டிக்காரி. ட்வேனும் இதேதான் சொன்னான்."

"ஏன் சீஃப்?"

"கிழட்டுக் கப்பல். முதலாளிக்கு இன்சூரன்ஸ் மேலதான் ஆசை. எனக்கும் பங்கு உண்டு."

"மேல நம்ம ஆளுங்க இருக்காங்க."

"அவங்க படகுல ஏறிடுவாங்க."

"நாங்க?"

அவள் கண் இரண்டாவதின் திருகுக்குப் போனது.

"திருகை நான் சரி பண்ணிடுவேன்."

"பண்ணு. ஆத்துல நான் இங்கேருந்தே சுவிட்சை அணைச்சுக்கிறேன். பாக்கத்தான் விபத்து மாதிரி இருக்காது."

ரிசீவரை மாட்டினாள். சரிசெய்து பயனில்லை. கத்தியும் பயனில்லை. ட்வேனின் மூச்சு வேறு திணறிக்கொண்டிருந்தது.

ஆனால்... கப்பல் இன்னும் ஆற்றுக்குள் நுழையவில்லை. வைட்ஃபிஷ் விரிகுடாவில்தான் இருந்தது. அகன்ற தண்ணீர். காற்று இல்லாத நாள். இங்கே கரன்ட் போனால் கப்பல் சும்மா மிதக்கும்.

நோரீன் இரண்டாம் ஜெனரேட்டரைத் தொடவில்லை. முதலாவதிடம் போனாள். அதன் திருகையும் பூஜ்யத்துக்குத் திருப்பினாள்.

போன் மறுபடி அடித்தது. எடுத்தாள். "என்ன பண்றே? மீட்டர் ரெண்டும் ஆடுது!"

"பங்கு பிரிக்கிறேன், சீஃப்."

விட்டுக்கொடுக்காத இரண்டு இயந்திரங்கள் ஒன்றையொன்று இழுத்தன. உறுமின. திணறின. ஒன்று மற்றொன்றைப் பின்னுக்குத் தள்ள, தோற்றதன் சுவிட்ச் தானாக அணைந்து விழுந்தது. அந்த உதறலில் அடுத்ததும் விழுந்தது.

இருட்டு.

பம்புகள் நின்றதில் கப்பலை ஓட்டும் பெரிய இன்ஜினும் மூச்சை விட்டது. மேலிருந்து மறுபடி ஓடவிட முடியாதபடி ஜெனரேட்டர்களின் எண்ணெயை அவளே அடைத்தாள்.

அமைதி.

இப்போது ஸ்பேனரை எடுத்துக் கதவில் அடித்தாள். அந்தச் சத்தம் கப்பல் முழுக்கக் கேட்டது.

நங்கூரம் இறங்கியது. கேப்டன் ராய் பூஷே, தன் துணை அதிகாரியான மேட்டுடன் தானே இறங்கி வந்தார். மங்கலான அவசர விளக்கில், ஸ்கோக்மன் கதவுக் கம்பியை உருவிக்கொண்டிருந்தார்.

"அவளை வெளிய எடுக்கத்தான் வந்தேன், கேப்டன்."

கதவு திறந்தது. நோரீனின் மடியில் கிடந்த ட்வேன் ஒரு கண்ணைத் திறந்தான்.

"அடிச்சது... அவர்தான்."

மேட், ஸ்கோக்மனின் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். அவரிடமே இருந்தது கம்பி.

ட்வேனை ஸ்ட்ரெச்சரில் ஏற்றியபின் கேப்டன் பெருமூச்சு விட்டார்.

"என்னைக் கூப்பிட முழுக் கப்பலையும் நிறுத்தணுமா, நோரீன்? கதவைத் தட்டக் கூடாது?"

"தட்டினேன், கேப்டன். நீங்க காபி குடிச்சிட்டு இருந்திருப்பீங்க."