முதல்ல நீங்க மிதங்க!

மருந்துக்கடை போன் அலறியது.

கடைக்காரி எடுத்தாள். ரப்பர் படகில் ஆற்றுச் சவாரி கூட்டிப் போகும் கம்பெனியாம். அவள் கணவன் போனை எடுக்காததால் கடைக்கு அடித்தார்களாம்.

"ரெண்டு சீட் போட்டிருக்கார் மேடம். அவருக்கு மட்டும் எங்க லைஃப் ஜாக்கெட் போதுமாம். உங்களோடதை அவரே கொண்டு வர்றாராம்... கன்ஃபர்ம் பண்ணிக்கலாமா?"

அவளுக்குச் சுருக்கென்றது.

ஒரு குடைகூட வாங்கித் தராத மனுஷன்! அவள் பெயரில் இருக்கும் கடையை விற்கச் சொல்லித் தினமும் உயிரை எடுக்கிறவன். இப்போது என்ன திடீர்க் கரிசனம்?

அவளுக்கோ நீச்சல் தெரியாது.

அப்புறம் சொல்வதாகச் சொல்லி வைத்தாள்.

வீட்டில் பீரோவின் மேல், பழைய போர்வைக்குள் இருந்தது ஜாக்கெட். தூக்கினாள்... கையைக் கீழே இழுத்தது!

தையலைப் பிரித்துப் பார்த்தாள். மிதக்கிற ஃபோமைக் காணோம். அந்த இடத்தில் ஈயத் துண்டுகள்!

இத்தனை வருஷம் இவனுக்கா சமைத்துப் போட்டேன் என்று ஆத்திரமாக வந்தது. ஆனாலும் பழையபடி தைத்து, சுற்றி வைத்தாள்.

சாப்பிடும்போது அவனே பேச்செடுத்தான். பெரிய ஆறாம். ஆளுயரத்துக்கு அலையாம். கம்பெனிக்காரன் நொய் நொய்யென்று எதுவும் கேட்கமாட்டானாம்.

"முதல் தடவைங்க. பயமா இருக்கு. சின்ன ஆறா நானே பாக்கட்டுமா?"

அவன் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு சிரித்தான்.

"உன் இஷ்டம். ஆனா ஜாக்கெட் நான் வாங்கினதுதான்."

அவள் ஒவ்வொரு கம்பெனியாகக் கூப்பிட்டாள். வெளி ஜாக்கெட் கொண்டுவந்தால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டாள். 'தாராளமா கொண்டு வாங்க' என்றவர்களை ஒதுக்கினாள். ஒரே ஒரு ஆள் கறாராக ஒரு நிபந்தனை சொன்னார். அவரையே பிடித்துக்கொண்டாள்.

ஆற்றங்கரை.

ஆறு சாதுவாக ஓடியது. படகில் ஏற்கெனவே நாலு பேர், ஹெல்மெட்டும் துடுப்புமாக. ஜாக்கெட் இருந்த பையை அவளே சுமந்து வந்திருந்தாள்.

படகோட்டி ஜாக்கெட்டை வெளியே எடுத்தான். "இது நம்மளது இல்லையே. யார் கொண்டுவந்தது?"

கணவன் பெருமையாகக் கை தூக்கினான்.

"அப்ப நீங்க போட்டுக்கிட்டு அந்த மடுவுல மிதந்து காட்டுங்க சார். அப்புறம்தான் அக்காவுக்கு. எங்க வழக்கம்."

அவன் முகம் வெளுத்தது. சைஸ் பத்தாது என்றான். வார் நீளும் என்றார்கள். சளி என்றான். ஒரு நிமிஷம்தானே என்றார்கள். தோளைப் பிடித்து மாட்டப் போனபோது பின்வாங்கிக் கத்தினான்.

"வேணாம்! அதுல ஈயம் இருக்கு!"

அவள் ஜாக்கெட்டை வாங்கி மடுவில் வீசினாள்.

அது... ஜம்மென்று மிதந்தது!

"இருந்துச்சுங்க. நான் எடுத்துட்டு ஃபோம் வச்சுத் தச்சேன்."

படகில் இருந்த ஒரு பெண் ஹெல்மெட்டைக் கழற்றினாள். அவன் மச்சினி. போலீஸ் இன்ஸ்பெக்டர்! மற்ற மூவரும் அவளுடைய கான்ஸ்டபிள்கள்.

"ஈயத்தை வச்சது யாருன்னு நிரூபிக்க வழியில்லாம இருந்துச்சு மாமா. இத்தனை பேர் முன்னாடி நீங்களே சொல்லிட்டீங்க."

கான்ஸ்டபிள்கள் அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். கடைக்காரி கம்பெனி ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

படகோட்டி தயங்கினான். "சாரும் போலீஸ்காரங்களும் போயிட்டா துடுப்புப் போட ஆள் குறையுதே அக்கா..."

"எடுங்க தம்பி. கல்யாணமான நாள்லேர்ந்து துடுப்புப் போடறது நான் ஒருத்திதான்!"