பன்னிரண்டு நனைந்த போன்கள்

போன் ரிப்பேர் கடைக்காரர் இன்சூரன்ஸ்காரர் வீட்டுப் படியேறியதை நான்கு ஜன்னல்களாவது பார்த்தன. ரிப்பேருக்கு நாம்தான் அவரைத் தேடிப் போவோம். அவரே தேடி வருகிறார் என்றால் அவர் குடும்பத்தில் ஏதோ ரிப்பேர் என்று தெரு முடிவு கட்டியது. தெரு தப்பாகச் சொல்லவில்லை.

இன்சூரன்ஸ்காரர், முப்பது வருடம் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்து ஓய்வு பெற்றவர். கூடவே இருக்கும் மச்சினன், மூன்று தொழில் தொடங்கி மூன்றையும் மூடியவர். அதனால் ஊருக்கெல்லாம் தொழில் ஆலோசனை சொல்வார்.

"அண்ணி வேலையைக் கெடுக்கறாங்க சார்," என்றார் கடைக்காரர். "அண்ணன் ஆரம்பிச்ச கடை. அவர் போனப்புறம் அவர் நாற்காலியில அண்ணி ரிப்பேர் பாக்கறாங்க. இன்னொரு நாற்காலியில என் மருமகன். போன மாசம் நாற்பது போன், ஆளுக்கு இருபது. ஒரு வாரத்துல திரும்பி வந்தது எட்டு. அதுல ஆறு அண்ணி கை வெச்சது. அவங்க கடையில இருக்கலாமா வேண்டாமான்னு சாயங்காலம் எங்க பெரியப்பா முடிவு சொல்றார். நீங்க வந்து இந்தக் கணக்கை மட்டும் சொல்லுங்க."

"எட்டுக்கு ஆறு!" மச்சினன் தொடையைத் தட்டினார். "கேஸ் முடிஞ்சுது அத்தான்!"

"வேலையைப் பிரிச்சுக் குடுக்கறது யாரு?" என்று கேட்டார் இன்சூரன்ஸ்காரர்.

"நான்தான். வர்ற வரிசைக்கு டோக்கன். ஒற்றைப்படை அண்ணிக்கு, இரட்டைப்படை மருமகனுக்கு. எங்கிட்ட ஓரவஞ்சனையே கிடையாது."

ஓரவஞ்சனை பற்றி அதுவரை யாரும் பேசவில்லை.

கடைக்காரர் கட்டாகக் கொண்டுவந்திருந்த டோக்கன் சீட்டு ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், என்ன பழுது எல்லாம் இருந்தன. இன்சூரன்ஸ்காரர் நாற்பதையும் படித்து இரண்டைத் தனியே வைத்தார். முப்பதாம் சீட்டில் மணி பதினொன்றரை. அதே தேதியில், முப்பத்தொன்றாம் சீட்டில் பதினொன்றேகால்.

"கடை கடிகாரம் பின்னால ஓடுதா?" என்று மச்சினன் கேட்டார். கடைக்காரர் அந்த நகைச்சுவையின் தகுதிக்கு மீறிச் சிரித்தார்.

சாயங்காலம் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பெரியப்பாவுக்கு மின்விசிறிக்கு நேரே நாற்காலி. அண்ணி தன் மேஜையருகே நின்றாள். மருமகன் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தான்.

"திரும்பி வந்த போனை எண்ணினா அண்ணி மேல சந்தேகம் வரும்," என்று தொடங்கினார் இன்சூரன்ஸ்காரர். "ஆனா என்ன மாதிரி போன் கைக்கு வந்துச்சுன்னு முதல்ல பாக்கணும். கண்ணாடி உடைஞ்ச போன் அண்ணிக்கு எட்டு வந்துச்சு. ஒண்ணுகூடத் திரும்பல. மருமகனுக்கு இருபதும் அதேதான். ரெண்டு திரும்பிடுச்சு."

"அப்ப அந்த ஆறு?" என்றார் பெரியப்பா.

"தண்ணியில விழுந்தது. அந்த மாதிரி வந்தது மொத்தம் பன்னிரண்டு. எந்தக் கடையிலயும் அதுல பாதி பிழைச்சா பெரிசு. பாதியைப் பிழைக்க வெச்சிருக்காங்க."

"மருமகனுக்கு எத்தனை தண்ணி போன்?"

"ஒண்ணுகூட இல்ல. இங்கதான் இடிக்குது. தண்ணியில விழுந்த போன் ஒற்றைப்படை பாத்தா வரும்? ஒவ்வொண்ணும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, காசு சுண்டற மாதிரி. பன்னிரண்டு தடவை சுண்டி பன்னிரண்டும் தலையே விழணும்னா, தாராளமாப் பாத்தாலும் நாலாயிரத்துல ஒரு வாய்ப்பு." இரண்டு சீட்டுகளையும் மேஜைமேல் வைத்தார். "அதிர்ஷ்டம் இல்லீங்க. பதினொன்றேகாலுக்குத் தண்ணி போன் வந்துச்சு. முறைப்படி முப்பது, மருமகனோடது. இவர் முப்பதைத் தாண்டி முப்பத்தொன்றைக் குடுத்தார். அடுத்து கண்ணாடி உடைஞ்சது வந்ததும் விட்ட முப்பதைப் போட்டார். இதே மாதிரி இன்னும் அஞ்சு ஜோடி சீட்டு இருக்கு."

கடைக்காரர் முப்பதாம் சீட்டைக் கவிழ்த்துப் போட்டார். "மருமகனுக்குத் தண்ணி போன் பாக்கத் தெரியாது சார். அதான்..."

"தெரிஞ்சவங்ககிட்ட குடுத்தது சரிதான். அதை மறைச்சு, சமமாப் பிரிச்சேன்னு சொல்லி அவங்க மேலயே பழி போட்டீங்களே, அது எதுக்கு?"

கடைக்காரர் மருமகன் பக்கம் திரும்பிக்கொண்டார். மச்சினன் கைதட்டத் தயாராக இருந்தார். எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள்.

"கணக்கு நல்லாப் புரியுது," என்றார் பெரியப்பா நிதானமாக. "அவ மேல ஒரு குத்தமும் இல்ல. ஆனா இவ்வளவு பேச்சுக்கு அப்புறம் ரெண்டு பேரும் ஒரே கூரைக்குள்ள எப்படி இருக்க முடியும்? இவனுக்குக் குடும்பம் இருக்கு, மருமகன் வேற வந்துட்டான். நீயே பெரிய மனசு பண்ணி விட்டுக்குடும்மா."

அண்ணி அவரை நேராகப் பார்த்தாள். "நான் தப்பு பண்ணியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க பெரியப்பா?"

"வெளிய போன்னு சொல்லியிருப்பேன்."

"இப்பவும் அதையேதானே சொல்றீங்க?"

பெரியப்பா மின்விசிறியைப் பார்த்தார். அவள் இடுக்கியையும் பூதக்கண்ணாடி விளக்கையும் ஒரு பைக்குள் போட்டு, பாதி ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே போனாள்.

கடைக்காரருக்கு உடனே குரல் திரும்பிவிட்டது. "அலைஞ்சிருக்கீங்க சார். போனைக் குடுங்க, புதுக் கண்ணாடி ஒட்டித் தரச் சொல்றேன். நமக்குள்ள காசெல்லாம் வேண்டாம்."

இன்சூரன்ஸ்காரர் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டு குனிந்து வெளியேறினார்.

"நாமதானே ஜெயிச்சோம் அத்தான்?" என்று மச்சினன் தெருமுனைவரை கேட்டுக்கொண்டே வந்தார்.