சத்தம் வராத கிளிப்

இரண்டு மாதமாக யாரும் உட்காராத முன்சீட்டின் பெல்ட் வெதுவெதுப்பாக இருந்தது.

கொளஞ்சிநாதன் கையை எடுத்துவிட்டு மறுபடி தொட்டான். அவன் கார் கழுவுகிற கொட்டகைக்குள் வெயில் வரவில்லை. சோப்புத் தண்ணீர் வாடையும், எதிரே பீங்கான் சூளையிலிருந்து பறந்து வந்து எல்லாவற்றின் மேலும் படிகிற வெள்ளைத் தூசியும், அதற்கு நடுவே லேசாகத் தலைவலித் தைலத்தின் வாடையும் இருந்தன. காரில் ஏறினாலே தங்கச்சி அன்புக்கரசி தடவிக்கொள்கிற தைலம்.

இரண்டு மாதம் முன்னால் வேப்பூர் ரோட்டில் மாடு குறுக்கே வந்து, அவள் புருஷன் பாண்டியன் பிரேக் அடித்ததில், முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு போய் விழுந்து செத்தாள். அந்த மனுஷன் இன்று காலையில் அதே வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, கொஞ்சமும் கூசாமல் சொன்னான்: “பெல்ட்ட மட்டும் கழுவி செக் பண்ணி வைங்க மச்சான். சாயங்காலம் காவியா பாப்பாவ முன்னாடி உக்கார வச்சிகினு போவணும்.”

தாயை முழுங்கிய சீட்டில் எட்டு வயசு மகள். கொளஞ்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெல்ட்டை முழுசாக இழுத்து, பிரஷால் தேய்த்து, நூல் பிரிந்திருக்கிறதா என்று சாண் சாணாகப் பார்த்தான். லாக்கைப் பார்த்ததும் கை நின்றது. பெல்ட் போடாமலே அலாரத்தை ஏமாற்றுகிற இரும்புக் கிளிப் அதில் சொருகியிருந்தது.

“நாசமாப் போறவனே! இத சொருவித்தானே எந்தங்கச்சியக் கொன்ன!”

பிடுங்கி வீசினான். சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, வெடுக்கென்று முன்னால் சாய்ந்து பார்த்தான். பிடித்தது. காவியாவுக்குப் போதும்.

டிங். டிங். டிங்.

அலாரம். பெல்ட் மாட்டித்தான் இருந்தது. வண்டி ஓடவில்லை, சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது.

பெல்ட் ஒரு விரற்கடை இறுகியது.

“எவன்டா அவனுக்குக் கிளிப்பக் குடுத்தது?” என்று கத்தினான். கத்திய பிறகுதான் எதிர்ச்சுவரைப் பார்த்தான். ஆணியில் கொத்தாகக் கிளிப்புகள். அவன் கடைச் சரக்கு. ‘சத்தம் தொல்லையா மாப்ளே? இத சொருவிக்குங்க. காசு வாணாம்.’ பாண்டியனிடம் அப்படிச் சொன்னது கொளஞ்சியின் வாய்தான்.

இன்னும் இறுகியது. சிவப்புப் பொத்தானை அழுத்தினான். விடவில்லை. குனிந்து பார்த்தான். லாக் காலி. பெல்ட் எதிலும் மாட்டியிருக்கவில்லை. ஆனாலும் பிடித்திருந்தது.

தைல வாடை. மூச்சு முட்டியது.

“மாமா!” காவியா ஸ்கூல் பையோடு ஓடி வந்தாள். கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். “எங்க மாமா போயிட்ட? அப்பா ஒரு கிளிப்பு எடுத்துக்கச் சொன்னாரு.”

எம்பி ஒன்றை உருவினாள்.

வேண்டாம்டி. குரல் வரவில்லை.

கதவைத் திறந்தாள். காலிச் சீட்டைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தாள். பொத்தான் மேலிருந்த அவன் விரல்கள் அங்கே இல்லவே இல்லாததுபோல, அவற்றின் ஊடே கிளிப்பை லாக்கில் சொருகினாள்.

அலாரம் நின்றது.

பெல்ட் போடாமல், அவன் மடிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

வாசல் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்: “அப்பா, வா, போலாம்!”