மஞ்சள் வாய்

கடல் பொய் சொல்லாது. ஆழத்துக்குப் போனால் ஒவ்வொரு மனிதனும் தன் உண்மையான உயரத்தைக் கண்டுகொள்கிறான். முக்குளிப்புப் பயிற்சியாளர் லக்ஷித சமரக்கோன் இதை நீர்கொழும்புத் துறையில், சனிக்கிழமை காலை, கைப்பேசிக் கேமராவைப் பார்த்து அறிவித்தார். அறிவித்து முடித்ததும் அடக்கியிருந்த மூச்சை விட்டார். ரப்பர் உடுப்பின் முதுகு ஜிப் பிளந்துகொண்டது. படகோட்டி மெர்வின் அவர் இடுப்பில் முழங்காலை ஊன்றி அதை மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது.

"மூச்சை உள்ள பிடிங்க மாத்தயா. இன்னும். வயித்தையும் சேர்த்துத்தான் சொல்றன்."

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. யாரோ வாய்வழியாக மெல்ல மூச்சிழுப்பதுபோல. கூட இறங்குபவருக்குக் காற்றுத் தீர்ந்துபோனால் கொடுப்பதற்கென்று எல்லோரும் நெஞ்சில் மாட்டிக்கொள்ளும் மஞ்சள் நிற உபரி வாய்க்குழாய், காற்றுச் சிலிண்டரோடு படகுப் பெஞ்சில் கிடந்தது. யாரும் தொடவில்லை. இழுத்தது. நின்றது. இழுத்தது.

"உங்க மஞ்சள் வாய் மூச்சு விடுது மாத்தயா."

"ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்." தட்டினார். நின்றது.

எதிர்ப் பலகையில் தரங்கா, முகமூடிக் கண்ணாடியில் துப்பித் தேய்த்துக்கொண்டிருந்தாள். அசேலவின் தங்கை. போன வருடம் லக்ஷிதவோடு அந்த மூழ்கிய கப்பலுக்குள் போய், உயிரோடு திரும்பாதவன் அசேல. அவன் நினைவாகச் செய்த பித்தளைத் தகட்டைக் கப்பலில் பொருத்தத்தான் இந்தப் பயணம். தகட்டில் அசேலவின் பெயர் இருந்தது; அவனைக் காப்பாற்றக் கடைசிவரை போராடிய லக்ஷிதவின் பெயர் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"ஐயே," என்றாள், அண்ணன் முறை வைத்து. "உங்க பேர் பெருசா விழுந்திருக்கே."

"எழுத்து வெட்டினவன் அளவு தப்பிட்டான் நங்கி," என்றார், அவரும் தங்கை முறை வைத்து.

"பரவால்ல. எங்க அசேல ஐயேக்குக் கண் நல்லாத் தெரியும். எவ்வளவு சின்னதா இருந்தாலும் வாசிச்சிடுவார்." கண்ணாடியைக் கடலில் அலசினாள். "எந்த இடத்துல வச்சு அவருக்கு உங்க மஞ்சள் வாயைக் குடுத்தீங்க? அதைக் காட்டுங்க. அது போதும் எனக்கு."

"காட்டுறேன்."

அவர் கொடுக்கவில்லை. எத்தனையோ மேடைகளில் கொடுத்திருந்தார்; கப்பலுக்குள் கொடுக்கவில்லை. அசேல கழுத்தின் குறுக்கே கையை இழுத்துக் காட்டினான், காற்று இல்லை என்று. மஞ்சள் குழாயைப் பிடித்து லேசாகத்தான் இழுத்தான், மரியாதையாக. லக்ஷித அவன் நெஞ்சில் காலை வைத்துத் தள்ளிவிட்டு மேலே வந்தார். இவளுக்கு அது தெரிந்தால் மேடையும் போகும், மாலையும் போகும், தெருவில் தலைகாட்டவும் முடியாது.

படகு கப்பலுக்கு நேர்மேலே போய் நின்றதும், நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்க இறங்க, மேலேயிருந்த வெயிலும் மெர்வின் முணுமுணுத்த பைலாப் பாட்டும் கரைந்துபோய், பச்சை நீலமாகி, நீலம் சாம்பலாகி, தன் மூச்சு மட்டும் கொல்லன் துருத்திபோல் காதுக்குள் ஏறி இறங்கிய அந்தத் தனிமையில், கப்பல் ஒருக்களித்துப் படுத்து, சிப்பி மூடிய விலாவும் திறந்த சரக்கறை வாயுமாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏணிக்கடியில் ஒரு கிழட்டுக் கலவா மீன். அது அவரைப் பார்க்கவில்லை. அவருக்குச் சற்றுப் பின்னால் பார்த்தது.

தரங்கா முன்னால் நுழைந்தாள். அவர் பின்னால். அவர் விட்ட குமிழிகள் மேல்தகட்டில் பாதரசம்போல் ஓடின. ஒரு மூச்சு, ஒரு கொத்துக் குமிழி. பிறகு, அவர் மூச்சு விடாதபோதும் ஒரு கொத்து.

மூச்சை நிறுத்திப் பார்த்தார்.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

ஸ்பிரிங், என்று சொல்லிக்கொண்டார். சின்ன மீன்கள் விலகி வழி விட்டன. அவர் கடந்த பின்பும் வழி மூடவில்லை. இன்னோர் ஆள் அகலத்துக்குத் திறந்தே இருந்தது. காற்றுமானியைத் திருப்பினார். முள் பாதிக்குக் கீழே. இரண்டு பேர் குடித்ததுபோல. நெஞ்சைத் தடவினார். மஞ்சள் வாய் கொக்கியில் இல்லை. அதன் குழாய் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் போயிருந்தது. விறைப்பாக.

லேசாக இழுபட்டது. மரியாதையாக.

அவர் திரும்பவில்லை. தரங்காவை நோக்கி விளக்கை ஆட்டினார். அவள் திரும்பினாள். அவள் வெளிச்சம் அவர் முகத்தில் விழவில்லை. தோளுக்கு மேல் விழுந்தது. அங்கேயே நின்றது. யாரோ சைகையில் சொல்வதை ஒவ்வொன்றாகப் படிப்பவள்போல் மெதுவாகத் தலையாட்டினாள்.

சொல்லி முடிந்தது போலிருந்தது. அவள் அவரைப் பார்த்தாள்.

முள் சிவப்பில். மூச்சு கெட்டியானது. பாதி மூச்சு. கால் மூச்சு. கழுத்தின் குறுக்கே கையை இழுத்துக் காட்டினார். அவள் நெஞ்சிலும் ஒரு மஞ்சள் வாய். பாய்ந்து பிடித்தார். இழுத்தார்.

தரங்கா அவர் நெஞ்சில் காலை வைத்தாள். தள்ளினாள். அவசரமே படாமல்.

அவள் விளக்கு சரக்கறை வாயை நோக்கிப் போனது. சிறுத்தது. போய்விட்டது.

அவர் முதுகு எதிலோ மோதியது. இரும்பில்லை. அமுங்கியது.

தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. ஊறி வெளுத்து, தோல் கையுறைபோல் கழன்ற கை. அதில் அவருடைய மஞ்சள் வாய். கடிக்கும் பக்கம் அவரைப் பார்த்தபடி, வகுப்பில் சொல்லிக்கொடுப்பதுபோல் அத்தனை ஒழுங்காக நீட்டியது. ரப்பரில் ஒரு பல் பதிந்து நின்றது.

லக்ஷித வாயைத் திறந்தார்.

வந்தது சிலிண்டர் காற்றில்லை. குளிர்ந்திருந்தது. துருவும் அழுகலுமாக மணத்தது. யாரோ ஒரு வருடம் நெஞ்சில் அடக்கி வைத்திருந்த மூச்சு. துப்பப் பார்த்தார். கை அழுத்திப் பிடித்துக்கொண்டது. இன்னொரு கை மறுபக்கம் வந்து, அவர் கண்ணாடிக்கு நேராகக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டியது.

நலமா?

கேட்டால் பதில் காட்டியே ஆக வேண்டும் என்று எல்லோருக்கும் போதிப்பவர் அவர்தான்.

லக்ஷித இரண்டு விரல்களையும் வளைத்து, நலம் என்று காட்டினார்.